வியர்வையில் வசியம் உண்டா?

செய்முறை சுருக்கமானது. வாசனைச் சோப்பு, பவுடர், டியோடரண்ட் எதையும் தொடாமல் இரண்டு மூன்று நாள் ஒரே பருத்திச் சட்டையோடு உழைக்க வேண்டும். பிறகு சட்டையின் அக்குள் பகுதியை வெட்டியெடுத்து, வீரியமான சாராயத்தில் ஊறப்போட வேண்டும். ஊறியதைப் பிழிந்து வடிகட்டி, சாராயத்தில் பெரும்பகுதியை ஆவியாக விட்டால் அடியில் கொஞ்சம் திரவம் எஞ்சும். அதைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் தடவிக்கொண்டால் எதிரில் இருப்பவர் தம்மை அறியாமலேயே நம்பால் ஈர்க்கப்படுவார் என்கிறார்கள். வீட்டில் செய்ய முடியாதவர்களுக்காக 'ஃபெரோமோன்' என்ற பெயர் ஒட்டிய சிறு குப்பிகளும் கடைக்கு வருகின்றன.

ஆசை பழையதுதான். நம் ஊர்களில் வசிய மை என்றும், மலாய்க் கிராமங்களில் மினியாக் பெங்காசே என்றும் அது பல காலமாக உலவுகிறது. இப்போது அதற்கு அறிவியலின் சட்டையைப் போட்டிருக்கிறார்கள். ஆகவே அறிவியலின் முறையிலேயே அதைச் சோதிப்பது நியாயம். செய்முறைக்குள் மூன்று நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. மணம் வியர்வையில் இருக்கிறது என்பது ஒன்று. சாராயம் அதைப் பத்திரமாக இறக்கித் தரும் என்பது இரண்டு. அந்த மணம் இன்னொரு மனிதரின் மனத்துக்குக் கட்டளையிடும் என்பது மூன்று.

இந்த மூன்றையும் பார்க்க மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தைப்பிங் நகரைத் தேர்ந்துகொள்கிறேன். வியர்வை உலராத ஊர் அது. அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் நான்கு தலைமுறைத் தமிழர்கள் வியர்வை சிந்தியிருக்கிறார்கள். பேராக்கின் செம்பனை எனும் எண்ணெய்ப்பனைக் காடுகளில் உண்மையான ஃபெரோமோன் அன்றாடம் வேலை செய்கிறது. வியர்வைச் சுரப்பியின் மரபணுவில் வேறுபடும் மக்கள் அங்கே ஒரே தெருவில் வாழ்கிறார்கள். கேள்விக்கு வேண்டிய சாட்சிகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

வியர்வையின் முதல் வேலை

மெக்ஸ்வெல் மலையின் அடிவாரத்தில் இருக்கும் தைப்பிங், தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் நகரம். ஆண்டுக்குச் சுமார் 4000 மில்லிமீட்டர் பொழிகிறது. மழை நின்ற பிறகும் ஈரம் காற்றை விட்டுப் போவதில்லை. இந்த ஈரந்தான் வியர்வையின் பெரிய எதிரி.

மனிதத் தோலில் 20 முதல் 40 லட்சம் வரை சாதாரண வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவை தருவது ஏறக்குறைய 99 விழுக்காடு தண்ணீர். மீதியில் உப்பு, லாக்டிக் அமிலம், கொஞ்சம் யூரியா. ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. கடும் வெயிலில் உழைப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கும். ஆனால் குளிர்ச்சி தருவது ஆவியாகும் வியர்வை மட்டுமே. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப்போகும். உடல் தண்ணீரை இழக்கும், வெப்பத்தை இழக்காது.

1885ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கும் இடையே மலாயாவின் முதல் ரயில் ஓடியது. சதுப்புக்குள் அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படை கொண்டுவரப்பட்டது. அதன்பின் ரப்பர் வந்தது. தொழிலாளர்கள் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நின்று, இருட்டிலேயே மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போனார்கள். வெயில் ஏறினால் பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் வடிவதும் குறையும் என்பதே அந்த நேரக் கணக்குக்குக் காரணம். அதே கணக்கு வெட்டுபவரின் உடலையும் ஓரளவு காத்தது. தமக்குரிய மரவரிசையான நிரையை முடித்து, பால் சேர்த்து, வாளிகளைக் காண்டா என்னும் தோள்கம்பில் தூக்கி வரும்போது ஊறிய வியர்வை அவர்களை உயிரோடு வைத்திருந்த வியர்வை. அதன் முதல் வேலை குளிர்விப்பது. யாரையும் கவர்வதற்காக உடல் அதைச் சுரக்கவில்லை.

மணம் யாருடையது?

புதிதாகச் சுரந்த வியர்வைக்கு மணம் கிடையாது. அப்படியானால் மாலையில் சட்டையில் இருப்பது எங்கிருந்து வந்தது?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விடை ஏற்கெனவே தெரியும். ரப்பர் மரத்திலிருந்து மங்கு என்னும் கிண்ணத்தில் வடியும் புதுப்பால் கிட்டத்தட்ட மணமற்றது. அதே பால் மங்கிலேயே உறைந்து கட்டிப்பாலாகி, சாக்கில் சில நாள் கிடந்தால் தூரத்திலிருந்தே மூக்கைத் துளைக்கும். பாலில் உள்ள புரதத்தையும் சர்க்கரையையும் பாக்டீரியாக்கள் தின்று, பியூட்டிரிக் அமிலம், ஐசோவாலரிக் அமிலம் போன்ற ஆவியாகும் கொழுப்பு அமிலங்களை வெளியிடுவதுதான் காரணம். தோலிலும் இதுவே நடக்கிறது. பூட்சுக்குள் அடைபட்ட காலின் நாற்றத்துக்குப் பொறுப்பான மூலக்கூறுகளில் ஒன்று அதே ஐசோவாலரிக் அமிலம்.

அக்குளின் கதை இன்னும் நுட்பமானது. அங்கே அப்போகிரைன் என்னும் வேறு வகைச் சுரப்பிகள் இருக்கின்றன. பிறந்ததிலிருந்தே அவை உண்டு. ஆனால் பருவம் அடையும்போதுதான் வேலையைத் தொடங்குகின்றன. கொழுப்பும் புரதமும் கலந்த, மணமற்ற, கொஞ்சம் பிசுபிசுப்பான திரவத்தைத் தருகின்றன. அதில் சில சிறிய அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும் அமினோ அமிலத்தோடு பிணைந்து, பூட்டிய நிலையில் இருக்கும். பூட்டியிருக்கும் வரை அவற்றால் காற்றில் எழ முடியாது.

பூட்டைத் திறப்பவை அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள். பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தில் ஜார்ஜ் பிரெட்டியின் குழு, அக்குள் மணத்தின் முக்கியமான அமிலங்களில் ஒன்றை 1991இல் அடையாளம் கண்டது. கோரினிபாக்டீரியம் எனும் பாக்டீரியாவின் நொதி அப்படிப்பட்ட அமிலங்களை எப்படி அவிழ்த்துவிடுகிறது என்பதை ஜிவோடன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2003இல் காட்டினார்கள். வெங்காயத்தை நினைவூட்டும் கடுமையான கந்தகச் சேர்மத்தை விடுவிப்பது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ். அதன் நொதியைப் பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகக் குழு 2020இல் விளக்கியது.

ஆக, முதல் நம்பிக்கை இங்கேயே ஆட்டம் காண்கிறது. 'என் மணம்' என்று நாம் நினைப்பது பெரும்பகுதி நம் தோலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் உழைப்பு. சுரப்பது நாம், மணமாக்குவது அவை. எந்த பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதே ஆளிடமும் குளியல், துணி, வேலை ஆகியவற்றைப் பொறுத்து மாறும்.

சாராயத்தில் என்ன இறங்குகிறது?

இப்போது வெட்டியெடுத்த துணியைச் சாராயத்தில் போடுவோம். தோலெண்ணெயிலிருந்து வந்த கொழுப்புகள் கரையும். ஆவியாகும் அமிலங்கள் கரையும். மிகச் சிறிய அளவில் ஸ்டீராய்டுகளும் இறங்கும். கரைந்ததெல்லாம் கரைந்தபடியே இருக்காது. கந்தகச் சேர்மங்கள் காற்றுப் பட்டால் ஒன்றோடொன்று இணைந்து வேறு பொருளாகிவிடும். அமிலங்களில் ஒரு பகுதி நாளடைவில் சாராயத்தோடு சேர்ந்து எஸ்டராக மாறும். எஸ்டரின் மணம் வேறு. இன்னும் திறக்கப்படாத மணமற்ற பொருள்கள் அப்படியே தங்கிவிடும், ஏனென்றால் வீரியமான சாராயம் பூட்டைத் திறக்கும் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறது.

கடைசியாகச் சாராயத்தை ஆவியாக்கும் கட்டம். எளிதில் எழும் மணங்களே மணங்களில் முக்கியமானவை. சாராயத்தோடு முதலில் பறந்துபோவதும் அவைதான். எஞ்சுவது பழைய கொழுப்பும், கொஞ்சம் கனமான அமிலமும், துணியின் சாயமும் அழுக்கும். உடலின் மணம் அதில் இல்லை, அதன் சிதைவு மட்டுமே இருக்கிறது. அதைச் சவரம் செய்த கழுத்தில் தடவினால் எரிச்சல் வரலாம். அடுப்பருகே வைத்துச் சாராயத்தை ஆவியாக்கினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இரண்டாவது நம்பிக்கையும் நிற்கவில்லை.

இருந்தாலும் ஒருவர் கேட்கலாம். சிதைவில்கூட ஏதோ ஒரு மூலக்கூறு தப்பிப் பிழைத்து வேலை செய்தால்? மூன்றாவது நம்பிக்கைக்கு வருவோம்.

செம்பனைக்குள் தொங்கும் வாளி

ஃபெரோமோன் வெறும் கற்பனை இல்லை. பேராக்கில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் அதைக் கண்ணால் பார்க்கலாம். கம்பத்தில் ஒரு வாளி தொங்கும். வாளியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தகடுகள் நிற்கும். நடுவில் விரல் அளவுப் பொட்டலம் ஒன்று. இரவில் பறந்து வரும் காண்டாமிருக வண்டு தகட்டில் மோதி வாளிக்குள் விழும். தமிழ்நாட்டுத் தென்னை விவசாயிகள் இனக்கவர்ச்சிப் பொறி என்று அழைப்பது இதைத்தான்.

மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்காமல் துண்டுபோட்டு மக்க விடுகிறார்கள். புகை குறைந்தது, நல்லதே. ஆனால் மக்கும் தண்டுகள் இந்த வண்டுக்குத் தொட்டிலாகிவிட்டன. அங்கே வளரும் வண்டு இளங்கன்றின் குருத்தைத் துளைத்துத் தின்கிறது. பொட்டலத்தில் இருப்பது எத்தில் 4-மெத்தில்ஆக்டனோயேட் என்ற ஒரே ஒரு பொருள். ஆண் வண்டு வெளியிடும் இந்த மூலக்கூறை 1995இல் அடையாளம் கண்டார்கள். ஆலையில் செய்த பொருளை வைத்தாலும் ஆணும் பெண்ணுமாக வண்டுகள் வருகின்றன. சிவப்புக் கூன்வண்டுக்கு ஃபெருஜினியோல் என்ற வேறொரு பொருள். ஒன்றின் பொட்டலத்துக்கு மற்றது ஏமாறுவதில்லை.

இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவை பட்டுப்பூச்சிகள். ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் புட்டெனாண்ட், ஏறக்குறைய 20 ஆண்டு உழைப்பில், சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து பாம்பிகோல் என்னும் பொருளைப் பிரித்து 1959இல் அறிவித்தார். அதே ஆண்டில் பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும் ஃபெரோமோன் என்ற பெயரை முன்வைத்தனர். ஓர் உயிர் வெளியிட, அதே இனத்தின் இன்னோர் உயிர் அதை உணர்ந்து குறிப்பிட்ட நடத்தையையோ உடல் மாற்றத்தையோ காட்ட வேண்டும். அப்படிப்பட்ட பொருளுக்கே அந்தப் பெயர்.

ஃபெரோமோன் பூச்சிகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம், யானைக்கும் உண்டு. தைப்பிங்கின் தொடக்கக் கதையே ஒரு யானையின் கதை. 1840களில் லோங் ஜாஃபாரின் யானை காட்டுக்குள் காணாமல்போய், உடலில் ஈயச் சேறு அப்பித் திரும்பியதாகவும், அங்கே ஈயம் இருப்பது அப்படித்தான் தெரிந்ததாகவும் சொல்வார்கள். அந்த யானையின் பெயர் லாருட். அந்த வட்டாரமே இன்றும் அப்பெயரில் வழங்குகிறது. ஆசிய யானையின் வேதியியலை ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ராஸ்முசன் என்ற பெண் அறிவியலாளர். இனச்சேர்க்கைக்குத் தயாரான பெண் யானையின் சிறுநீரில் ஆண் யானையை அழைக்கும் பொருள் எது என்பதை அவர் குழு 1996இல் கண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பயன்படுத்தும் அதே மூலக்கூறு அது. ஆண் யானையின் கன்னத்தில் வழியும் மதநீரில் ஃபிராண்டாலின் என்ற பொருள் இருப்பதும், யானையின் வயதுக்கேற்ப அதன் இரு வடிவங்களின் விகிதம் மாறுவதும் பின்னர் தெரியவந்தன. மதநீரின் வாசத்தை முகர்ந்தே மற்ற யானைகள் விலகவோ நெருங்கவோ முடிவெடுக்கின்றன.

வண்டிலும் யானையிலும் அறிவியல் பின்பற்றிய வழி ஒன்றே. முதலில், தெளிவாகக் காணக்கூடிய ஒரு நடத்தை. அடுத்து, அந்த நடத்தைக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தல். கடைசியாக, ஆய்வகத்தில் செய்த அதே பொருளை இயற்கையான அளவில் வைத்தாலும் அதே நடத்தை வருகிறதா என்ற சோதனை. இந்த மூன்று படிகளையும் ஏறாத எதுவும் ஃபெரோமோன் ஆகாது.

பன்றியிலிருந்து மனிதனுக்கு

குப்பிகளில் விற்கப்படும் பொருள்கள் இந்தப் படிகளை ஏறினவா? அவற்றின் வரலாறு பன்றியிலிருந்து தொடங்குகிறது. 1944இல் விளாடிமிர் பிரெலாக், லியோபோல்ட் ரூசிச்கா என்ற இருவர் பன்றியின் விந்தகத்திலிருந்து கஸ்தூரி மணம் வீசும் ஸ்டீராய்டுகளைப் பிரித்தனர். ஆண் பன்றியின் எச்சில் நுரையில் உள்ள ஆண்ட்ரோஸ்டெனோன் மணம் பட்டால், பருவத்தில் இருக்கும் பெண் பன்றி அசையாமல் நிற்கும் என்பது பிறகு உறுதியானது. பன்றிப் பண்ணைகளுக்கென்று அது தெளிப்பானாகவே விற்கப்பட்டது.

மனிதரின் அக்குளிலும் ஆண்ட்ரோஸ்டெனோன் கொஞ்சம் இருப்பது தெரிந்ததும், பன்றியில் நடப்பது மனிதரிடமும் நடக்கும் என்று பலர் தாவினார்கள். ஆனால் மனித மூக்கு இந்தப் பொருளைப் பற்றி ஒரே கருத்துக்கே வரவில்லை. சிலருக்கு அது சிறுநீர் நாற்றம், சிலருக்கு இனிய வெனிலா மணம், சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. OR7D4 என்ற ஒரே ஒரு மணவாங்கி மரபணுவின் வேறுபாடு இதில் பெரும்பங்கு வகிப்பதை 2007இல் கண்டார்கள். முகர்பவருக்கு முகர்பவர் மாறும் பொருள் எல்லோருக்கும் ஒரே கட்டளையை இட முடியாது.

அடுத்து வந்தவை ஆண்ட்ரோஸ்டாடையினோன், எஸ்ட்ராடெட்ராயினால் என்ற இரண்டு. 1991இல் பாரிஸ் மாநாடு ஒன்றில் இவை மனித ஃபெரோமோன்கள் என்ற பெயரில் முன்வைக்கப்பட்டன. மாநாட்டுக்கு ஆதரவளித்ததும், பொருள்களை வழங்கியதும், அவற்றுக்குக் காப்புரிமை தேடியதும் எராக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். எந்த நடத்தையை வைத்து, எந்தச் சுரப்பிலிருந்து, எப்படி இவ்விரண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன என்ற விளக்கம் மாநாட்டில் முன்வைத்த கட்டுரையில் இல்லை. இதை 2015இல் ஆக்ஸ்ஃபோர்டின் டிரிஸ்ட்ரம் வையட் விரிவாகச் சுட்டிக்காட்டினார். அதற்குள் பல ஆய்வுகள் இவ்விரண்டையும் ஃபெரோமோன் என்று எடுத்துக்கொண்டே நடந்து முடிந்திருந்தன. முதல் இரண்டு படிகளை ஏறாமலேயே எல்லோரும் மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தார்கள். 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தப் பொருள்களை முகரவைத்து, முகங்களின் கவர்ச்சியை மதிப்பிடச் சொன்னபோது எந்த மாற்றமும் தெரியவில்லை.

இன்னொரு புகழ்பெற்ற சான்றும் வலுவிழந்தது. விடுதியில் சேர்ந்து வாழும் பெண்களின் மாதவிடாய் நாள்கள் நெருங்கி வருகின்றன என்று மார்த்தா மெக்ளின்டாக் 1971இல் எழுதினார். வியர்வை மணமே காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் பரவியது. சீனாவில் விடுதியில் வாழ்ந்த 186 பெண்களை ஓராண்டுக்கும் மேல் கவனித்து 2006இல் வெளியான ஆய்வில் அத்தகைய ஒத்திசைவு தென்படவில்லை. சுழற்சியின் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் நாள்கள் தற்செயலாக நெருங்குவதும் விலகுவதும் இயல்பு.

உடலமைப்பும் இதற்கே சாட்சி சொல்கிறது. பல விலங்குகள் ஃபெரோமோனை உணர மூக்கின் அடியில் வோமரோநேசல் என்னும் தனி உறுப்பை வைத்திருக்கின்றன. வளர்ந்த மனிதரிடம் அது இருந்தால்கூட வெறும் குழியாகவே எஞ்சியிருக்கிறது. அந்த உறுப்பு வேலை செய்யத் தேவையான மரபணு நம்மிடம் சிதைந்து செயலிழந்து கிடக்கிறது. சாதாரண மூக்கின் வழியாகவும் ஃபெரோமோன் செயல்பட முடியும் என்பதால் இது ஒன்றே முடிவான சான்று ஆகாது. ஆனால் குப்பியில் எழுதியிருப்பதுபோல் மூளையின் ரகசியக் கதவு திறந்து காத்திருக்கவில்லை.

காதுக் குறும்பி சொல்லும் சாட்சி

என்னை மிகவும் யோசிக்கவைத்த சான்று காதுக்குள் இருக்கிறது. சிலருக்குக் குறும்பி ஈரமாக, தேன்நிறத்தில் இருக்கும். சிலருக்கு உலர்ந்து, செதிலாக உதிரும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ABCC11 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் கண்டார்கள். அதே மரபணுதான் அப்போகிரைன் சுரப்பி தன் பூட்டிய பொருள்களை வெளியே அனுப்பும் வழியையும் கட்டுப்படுத்துகிறது. உலர்ந்த குறும்பி உள்ளவர்களின் அக்குளில் மணத்தின் மூலப்பொருள் மிகக் குறைவு.

சீனர், கொரியர், ஜப்பானியர் போன்ற கிழக்கு ஆசிய மக்களில் பெரும்பாலோர் உலர் வகை. ஆப்பிரிக்கர், ஐரோப்பியரில் பெரும்பாலோர் ஈர வகை. தெற்காசியாவில் இரண்டும் கலந்திருக்கின்றன. தைப்பிங்கின் கடைத்தெருவில் தமிழர், சீனர், மலாய்க்காரர் அருகருகே வியாபாரம் செய்கிறார்கள். அவர்களுக்குள் இந்த ஓர் எழுத்து வேறுபாடும் நடமாடுகிறது. ஒரு சமூகத்தின் உடல் மணத்தைக் கேலிப்பொருளாக்கும் பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த மணத்தைக் கொண்டு ஒருவரின் சுத்தத்தையோ, பண்பையோ, உழைப்பையோ அளக்க முடியாது. பிறப்பில் கிடைத்த ஓர் எழுத்துக்கும், தோலில் தங்கிய பாக்டீரியாவுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

இதிலிருந்து வசியத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வரலாம். அக்குள் மணமே துணையை ஈர்க்கும் கட்டளை என்றால், அந்த மணத்தின் மூலப்பொருளையே பெரும்பாலும் சுரக்காத கோடிக்கணக்கான கிழக்கு ஆசியர்களிடையே காதலும் திருமணமும் தடைப்பட்டிருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. பெண் பட்டுப்பூச்சி பாம்பிகோலை வெளியிடாவிட்டால் ஆண் வந்து சேராது. அக்குள் மணம் இல்லாத மனிதருக்கு வாழ்வில் எதுவும் குறையவில்லை.

உடல் மணம் உண்மையில் செய்வது

கட்டளை இல்லை என்பதால் மணம் பொருளற்றது ஆகிவிடாது. பிறந்த குழந்தைகள் முப்பது பேரிடம், தாயின் ஒரு மார்பை மட்டும் கழுவிவிட்டுப் பார்த்தார்கள். 22 குழந்தைகள் கழுவாத மார்பையே நாடின. 1994இல் ஸ்வீடிஷ் குழு வெளியிட்ட ஆய்வு இது. முலைக்காம்பைச் சுற்றியுள்ள சிறு சுரப்பிகளின் கசிவுக்கு, முன்பு தாய்ப்பால் அருந்தாத குழந்தையும் வாயைத் திறப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2009இல் காட்டினர். முயலில் இதற்கான மூலக்கூறு ஏற்கெனவே தெளிவாகத் தெரியும். என்றேனும் மனித ஃபெரோமோன் ஒன்று நிரூபணமானால் அது காதலர்களிடையே அல்ல, தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே கிடைக்கும் வாய்ப்பே அதிகம் என்று வையட் கருதுகிறார். பிரசவ அறையில் தாயின் மார்பை உடனே சோப்புப் போட்டுக் கழுவாமல், குழந்தையை அவள் தோலோடு சேர்த்துக் கிடத்தச் சொல்லும் மருத்துவ அறிவுரைக்கு இந்த ஆய்வுகள் வலுச்சேர்க்கின்றன.

வேறொரு புகழ்பெற்ற ஆய்வில், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 44 ஆண்கள் இரண்டு இரவு அணிந்த பனியன்களை 49 பெண்கள் முகர்ந்தனர். நோயெதிர்ப்பு மரபணு தம்மிலிருந்து வேறுபட்ட ஆண்களின் மணமே அவர்களில் பலருக்குப் பிடித்திருந்தது என்று அந்த ஆய்வை நடத்திய வெடகிண்ட் 1995இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அது உண்மையே என்று வைத்துக்கொண்டாலும் எல்லோரையும் கவரும் மணம் என்று ஒன்று இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை. குப்பியில் அடைத்துக் கடையில் விற்க அங்கே எதுவும் இல்லை.

மனித வியர்வையின் மணத்துக்கு உறுதியாக ஓடிவரும் உயிர் ஒன்று உண்டு. அது ஏடிஸ் கொசு. மனிதக் கைகளிலிருந்து பிரித்த லாக்டிக் அமிலம் அதை ஈர்ப்பதை 1968இலேயே கண்டார்கள். 2022இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் 64 பேரை ஆறு மணி நேரம் கையில் நைலான் உறை அணியச் செய்து, அந்த உறைகளைக் கொசுக்களுக்கு முன் வைத்துப் பார்த்தனர். தோலில் கார்பாக்ஸிலிக் அமிலங்கள் அதிகம் உள்ளவர்களின் உறைகளையே கொசுக்கள் விரும்பின. நாம் தொடங்கிய செய்முறையில் சாராயம் இறக்கித் தருவதும், ஆவியான பின் எஞ்சுவதும் இந்த வகை அமிலங்கள்தான். டெங்கி பரவும் மழைநகரில் அவற்றைத் திரட்டிக் கழுத்தில் தடவிக்கொள்ளச் சொல்லும் செய்முறையை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

புனுகும் பாண்டானும்

உடல் சுரப்பிலிருந்து நறுமணம் எடுப்பது நம் மரபுக்குப் புதிதல்ல. புனுகுப் பூனையின் வாலடிச் சுரப்பியில் கிடைக்கும் கசிவைத் திருமலை வேங்கடவனுக்கு வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பின் சாற்றுகிறார்கள். புனுகு நேராக முகர்ந்தால் நாறும். வெகுவாக நீர்த்தால்தான் மணக்கும். மற்ற மணங்கள் சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்துவைப்பதே அதன் பெரிய பயன். அதிலுள்ள சிவெட்டோன் பதினேழு கார்பன் அணுக்கள் கொண்ட பெரிய வளையம் என்று 1926இல் கண்டவர், பன்றி ஸ்டீராய்டில் நாம் சந்தித்த அதே ரூசிச்கா. 1939இன் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் புட்டெனாண்டுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நறுமணத்தின் வேதியியலும் ஃபெரோமோனின் வேதியியலும் இப்படி ஒரே மேடையில் நின்றன. இன்று சிவெட்டோனை ஆலையிலேயே செய்கிறார்கள். அதற்காகப் பூனையைக் கூண்டில் அடைத்துத் துன்புறுத்த வேண்டியதில்லை.

மலேசியக் காடுகளில் வாழும் பிந்துரோங் என்ற விலங்கும் புனுகுப் பூனையின் உறவுதான். அதன் சிறுநீரில் 2-அசிட்டைல்-1-பைரோலின் இருப்பதை 2016இல் கண்டார்கள். நாசி லெமாக் சோறு வேகும்போது வீட்டை நிறைக்கும் பாண்டான் இலையின் மணமும், பாசுமதி அரிசியின் மணமும் அதே மூலக்கூறு. விலங்குக்குத் தன் இனத்தோடு பேசும் மொழியாக இருப்பது நமக்குச் சோற்றின் மணமாகிறது. மூலக்கூறுக்குச் சொந்தமான வசியம் என்று எதுவும் இல்லை. முகரும் உடலும், அந்த உடல் வளர்ந்த வீடும் சேர்ந்தே மணத்துக்குப் பொருள் தருகின்றன.

மனிதரிடம் இது இன்னும் ஆழமாக நடக்கிறது. துணையின் சட்டை மணம் ஆறுதல் தருவதற்குக் காரணம், அவரோடு வாழ்ந்த ஆண்டுகள். அந்த ஆறுதலை முன்பின் அறியாத ஒருவரிடம் சாராயத்தில் வடித்து உண்டாக்க முடியாது. இளைஞர்களிடம் ஒரு பக்கம் உடல் மணத்தைப் பற்றிய வெட்கத்தை விற்கிறார்கள். மறுபக்கம் அதே மணத்தை வசியம் என்று விற்கிறார்கள். இரண்டையும் வாங்க வேண்டியதில்லை. குளியலும் துவைத்து உலர்ந்த துணியும் போதும். பிடித்த நறுமணம் ஒன்றைப் பூசிக்கொள்வதும் நல்லதே. அது பூசுபவரின் மகிழ்ச்சிக்காக இருக்கட்டும்.

இனி 'ஃபெரோமோன்' என்று எழுதிய எந்தக் குப்பி கைக்கு வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். மனிதரில் எந்த நடத்தையை இது மாற்றுகிறது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்களா? அந்த நடத்தைக்குக் காரணமான பொருளை மனித உடலிலிருந்து யார், எப்படிப் பிரித்தார்கள்? இயற்கையில் உள்ள அளவிலேயே கொடுத்து, விற்பவரோடு தொடர்பில்லாத வேறொருவர் சோதித்தபோதும் அதே விளைவு வந்ததா? செம்பனைத் தோட்டத்து வாளியில் தொங்கும் பொட்டலம் இந்த மூன்றுக்கும் விடை சொல்லும். மனிதருக்கென்று விற்கப்படும் எந்தக் குப்பியும் இதுவரை சொல்லவில்லை.